கல்லைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள்

கொழும்பில் இப்போது கட்டப்படும் வீடுகளில், குறிப்பாகத் தொடர்மாடிகளில், ஹோலின் ஒரு சுவருக்கு மட்டும் இயற்கைக் கல் பதிப்பது வழக்கமாகி வருகிறது. பெரும்பாலும் அது டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவர். சிலர் படிக்கட்டோரச் சுவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சிலர் சாமி அறையை. மற்றச் சுவர்களெல்லாம் வெறும் பெயின்டோடு நிற்க, அந்த ஒன்று மட்டும் கண்ணை இழுக்கும். கடைகளில் இதை ஃபீச்சர் வோல் என்பார்கள். நுவரெலியாப் பக்கம் வீடு இருப்பவர்கள் இதே கல்லைக் கணப்பு அடுப்பைச் சுற்றிப் பதிக்கிறார்கள்.

செய்ய நினைக்கிறவர்கள் அநேகமாகக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறார்கள். போனில் ஒரு படம் பார்க்கிறார்கள், கடையில் ஒரு மாதிரித் துண்டைக் கையில் எடுக்கிறார்கள், பிடித்துப்போகிறது, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் மேசன் பாஸ் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணமும் மிச்சம், தலையிடியும் மிச்சம்.

சுமக்கும் கல்லும் ஒட்டும் கல்லும்

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள் போய் வந்தவர்களுக்குக் கற்கட்டடம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் திருப்பணியைத் தொடங்கி 1912 இல் குடமுழுக்கு நடத்திய கோயில் அது. தூண், சுவர், மேல்தளம் எல்லாமே கருங்கல். ஒரு கல் இன்னொன்றைத் தாங்கி நிற்கிறது.

வீட்டு ஹோலில் நாம் செய்வது இதற்கு நேர்மாறானது. அங்கே கல் எதையும் சுமப்பதில்லை, சுவர்தான் கல்லைச் சுமக்கிறது. சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை தடிப்புள்ள கல்லைச் செங்குத்தான ஒரு பரப்பில் ஒட்டி, அது பல வருடங்களுக்குக் கீழே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் முதல் கேள்வி எடையைப் பற்றியதுதான்.

கருங்கல், சலவைக்கல், சிலேட் எல்லாமே கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,600 முதல் 2,800 கிலோ வரை வரும். மனக்கணக்காகப் போட ஒரு வழி இருக்கிறது. கல்லின் தடிப்பை மில்லிமீட்டரில் எடுத்து 2.7 ஆல் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைத்துவிடும். 20 மி.மீ. பலகை என்றால் 54 கிலோ, அதாவது சதுர அடிக்கு 5 கிலோ. 10 அடி அகலமும் 9 அடி உயரமும் உள்ள ஒரு சாதாரணச் சுவரை அப்படி மூடினால் 450 கிலோ ஏறுகிறது. பசையின் எடை இதற்கு மேலே. தடிப்பைப் பாதியாக்கினால் எடையும் பாதி. அதனால் உள் சுவருக்கு மெல்லிய கல்தான் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

சிமெந்துப் பூச்சுப் பூசிய செங்கல் சுவரோ சிமெந்து புளொக் சுவரோ என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தொடர்மாடிகளில் அறைகளைப் பிரிக்கும் சுவர் ஜிப்சம் போர்டாக இருக்கலாம், கவனம். பிரித்தானியாவில் டைல்ஸ் பதிப்போர் பின்பற்றும் வரம்பு இது: ஜிப்சம் பூச்சின் மேல் சதுர மீட்டருக்கு 20 கிலோ, ஜிப்சம் போர்டின் மேல் 32 கிலோ. கல், பசை, இடைவெளி நிரப்பும் சாந்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 20 மி.மீ. கருங்கல் அந்த வரம்பை எங்கேயோ தாண்டிவிடுகிறது. அங்கே மெல்லிய கல்லுக்கு மாறலாம், அல்லது போர்டை எடுத்துவிட்டுச் சட்டத்தைப் பலப்படுத்திச் சிமெந்து போர்டு அடிக்கலாம். எதைச் செய்வதானாலும் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவிடம் முதலில் கேட்டுவிடுங்கள். தளம் தாங்கும் பாரம் பற்றிய விவரம் அவர்களிடம்தான் இருக்கும்.

சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். இடையிடையே பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது. அதை உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். பெயின்டின் மேல் நேரே கல் ஒட்டுவது இன்னொரு தவறு. பசை பெயின்டைப் பிடிக்கும், பெயின்ட்தான் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். எது முதலில் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயின்டைச் சுரண்டி, பூச்சைக் கொத்திச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் கல்.

ஈரம்

கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மி.மீ. மழை பெய்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் உப்பும் சேர்கிறது. கல்லுக்கு இந்த ஈரம் பெரிய விஷயமே இல்லை என்று நினைக்கலாம். மழையில் நனைந்த பாறை கெட்டுப்போகிறதா என்ன? ஆனால் சிக்கல் முன்பக்கத்து ஈரத்தில் இல்லை. சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம் சிமெந்திலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு கல்லுக்குள் ஏறி, முகப்பில் காய்ந்து வெள்ளைப் பூச்சாக நின்றுவிடும். கறுப்பு சிலேட்டில் அது பளிச்சென்று தெரியும். துடைத்தால் போகும், பிறகு மறுபடி வரும், ஈரம் நிற்கும்வரை.

அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறையா, மழை நேரே அடிக்கும் வெளிச்சுவரா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் தாளை எடுத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். உட்பக்கத்தில், சுவரை ஒட்டிய பக்கத்தில், நீர்த்துளி நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முதலில் அந்தக் கசிவை நிறுத்த வேண்டும். கல்லின் மேல் பூசும் சீலர் இதற்கு மருந்தல்ல. அது முன்பக்கத்துக் கறையைத் தடுக்குமே தவிர, பின்பக்கத்துத் தண்ணீரை ஒன்றும் செய்யாது. பளபளவென்று படலம் போடும் வகைச் சீலராக இருந்தால், ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்து நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

எலுமிச்சம்பழச் சோதனை

சுவர் சரியென்றால் இனி கல். கடையில் நூறு பெயர் சொல்வார்கள். வீட்டுக்காரருக்கு உண்மையில் தெரிய வேண்டியது இந்தக் கல் புளிப்புக்குப் பயப்படுமா, எண்ணெயை உறிஞ்சுமா என்பதுதான்.

சலவைக்கல், சுண்ணாம்புக்கல், டிராவர்டீன், நம்மவர்களுக்குப் பழக்கமான கறுப்புக் கடப்பாக்கல் எல்லாமே சுண்ணாம்புச் சத்துள்ள ஒரே குடும்பம். அமிலம் பட்டால் மேற்பரப்பு கரையும். கடையில் ஒரு உடைந்த துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். பளபளப்பு போய் மங்கிய வட்டம் விழுந்தால் இந்தக் குடும்பம்தான். கருங்கல்லும் நல்ல சிலேட்டும் குவார்ட்சைட்டும் அசையாது. சலவைக்கல் கூடாது என்பதல்ல இதன் அர்த்தம். டிவிக்குப் பின்னால் யாரும் எலுமிச்சை பிழியப் போவதில்லை. குசினி அடுப்புக்குப் பின் சுவர் என்றால் யோசிக்க வேண்டும். சாமி அறை என்றால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்: விளக்கெண்ணெய், குங்குமம், மஞ்சள், எலுமிச்சை எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன. வெள்ளைச் சலவைக்கல்லில் இறங்கிய மஞ்சள் கறையை எடுப்பது பெரும்பாடு. சாமி அறைக்குக் கறுப்புக் கருங்கல்லைத்தான் நான் சொல்வேன். கோயிலில் எண்ணெய் படப்பட அழகு கூடுவதும் அதுதானே.

கிரனைட் என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் புவியியல் கணக்கில் கிரனைட் அல்ல. இலங்கையின் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறைகளால், அதாவது பூமிக்கடியில் சூட்டாலும் அழுத்தத்தாலும் மாறிய பாறைகளால், ஆனது. இங்கே வெட்டப்படும் கருங்கல்லில் பெரும்பகுதி நைஸ், சார்னொக்கைட் என்ற அத்தகைய பாறை வகைகள். சுவரில் பதிக்க இதனால் குறை ஒன்றுமில்லை, கடினமும் நிறமும்தான் முக்கியம். திகன, மாத்தளைப் பக்கம் டொலமைட் கலந்த சலவைக்கல் கிடைக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க முழுக்கச் சுண்ணாம்புக்கல். மேல் மாகாணத்தில் அதிகம் காணப்படுவது கபுக் கல்: மண்ணிலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டு இறுகும் செம்மண் நிறக் கல். பழைய வீட்டில் பூச்சை உடைத்தால் உள்ளே அது இருக்கக் கூடும். அப்படி இருந்தால் புதிதாகக் கல் வாங்கவே வேண்டாம். தூசியைத் துலக்கி, தூள் உதிராமலிருக்க மினுக்கமில்லாத சீலர் ஒன்றைப் பூசினால், காசு கொடுத்தும் கிடைக்காத சுவர் கையிலிருக்கும்.

முருகைக்கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கடலோர வீடுகளில் அது உண்டு, அழகாகவும் இருக்கும். ஆனால் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டப்படி தடை. யாராவது புதிதாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் கேட்காதீர்கள்.

எந்த வடிவத்தில் வாங்குவது

ஒரே கல் பல வடிவங்களில் வருகிறது. பெரிய பலகை, டைல்ஸ் அளவில் வெட்டியது, சின்னச் சின்னக் கீற்றுகளை அடுக்கி ஒட்டிய படிக்கல் பனல், இது பெரும்பாலும் 15 சென்டிமீட்டருக்கு 60 அளவில் இருக்கும், அப்புறம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் உரித்தெடுத்த கல்லின் பின்னால் ஃபைபர் கிளாஸ் ஒட்டிய வளையும் தாள். கடைசியாகச் சொன்னது சதுர மீட்டருக்குச் சில கிலோதான் வரும், தகரம் வெட்டும் கத்தரியால் கூட வெட்டலாம். ஜிப்சம் போர்டுச் சுவர் உள்ளவர்களுக்கு அதுவே வழி.

இன்று அதிகம் விற்பது படிக்கல் பனல். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது அருமையாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காலி வீதிப் புகையும் தூசியும் ஜன்னல் வழியாக வரும் வீட்டில், அதன் ஒவ்வொரு விளிம்பும் ஒரு தட்டு. பல்லிகளுக்கும் அது மிகப் பிடித்த இடம். மாதா மாதம் பிரஷ்ஷோடு நிற்கப் பிடித்தவர்கள் தாராளமாகப் போடலாம். மற்றவர்களுக்குச் சொரசொரப்பான, ஆனால் சமதளமான சிலேட் அல்லது மெருகிடாத கருங்கல் டைல்ஸ் போதும்.

பழைய சோனகத் தெரு, ஆமர் வீதிப் பக்கம் கடை ஏறி இறங்கும்போது சிமெந்து அச்சில் வார்த்த கல்லையும் காட்டுவார்கள். அதுவும் மோசமில்லை, எடை குறைவு. இயற்கைக் கல் விலை கேட்டால்தான் மோசம். பெட்டியிலுள்ள கற்களைத் தரையில் பரப்புங்கள். ஒரே வளைவு, ஒரே குழி இரண்டு மூன்று கற்களில் திரும்ப வந்தால் அது வார்த்தது. உடைந்த ஓரத்தில் உள்ளேயும் வெளியேயும் நிறம் வேறாக இருந்தாலும் சந்தேகப்படலாம்.

பதிக்கும் நாள்

மேசன் பாஸ் வேலையைத் தொடங்குமுன் எல்லாப் பெட்டிகளையும் திறந்து, கற்களைக் கலந்து தரையில் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் நிறம் மாறும். கலக்காவிட்டால் சுவரின் நடுவில் கோடு போட்டதுபோல் தெரியும். டிவி மாட்டுவதானால் வயர்க் குழாயும் பிளக்கும் கல்லுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். டிவி தாங்கியின் போல்ட் கல்லைத் துளைத்துப் பின்சுவரைப் பிடிக்க வேண்டும். கல்லில் மட்டும் மாட்டினால் இரண்டும் சேர்ந்து வரும்.

சிமெந்துச் சாந்தைக் கல்லின் பின்னால் ஐந்து உருண்டையாக வைத்து அழுத்துவது பழைய பழக்கம். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும்; அங்கே ஈரம் தங்கும், மெல்லிய கல்லில் அங்கேயே வெடிப்பு விழும். கல்லுக்கென்று விற்கும் பசையைப் பற்சட்டுவத்தால் (விளிம்பில் பல்வெட்டுள்ள கரண்டி) சுவர் முழுக்கப் பரப்பி, கல்லின் பின்பக்கமும் மெல்லியதாகத் தடவி ஒட்ட வேண்டும். பையில் சி2 (C2), அதாவது மேம்பட்ட சிமெந்துப் பசை, என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். சிறிது அசைவைத் தாங்கும் வகையில் எஸ்1 (S1) என்றும் சேர்ந்திருக்கும். வெளிர் நிறக் கல்லுக்கு வெள்ளைப் பசைதான். சாம்பல் நிறப் பசை கல்லின் ஊடாக நிழலாகத் தெரியும். அடிவரிசையை மட்டம் பிடித்து, கனமான கல்லென்றால் ஒரு நாளில் சில வரிசைகளோடு நிறுத்தி, மறுநாள் தொடர்வது நல்லது. இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த ஹோலில் பெரிய பலகைகள் ஏறுவதானால் பசையை மட்டும் நம்பக் கூடாது, கொளுக்கிகள் வேண்டும். அவை துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். கடற்காற்றில் சாதாரண இரும்பு துருப்பிடித்துக் கல்லில் செங்கோடு விழும்.

கல் வெட்டும் தூசி விளையாட்டல்ல. கருங்கல்லிலும் மணற்கல்லிலும் சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது; அதன் நுண்தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், குணமாக்க முடியாத நோய். சிலிக்காவாலான குவார்ட்ஸ் தூளைப் பிசினில் கலந்து செய்யும் செயற்கைப் பலகைகளில் இது இன்னும் அதிகம். அதனால்தான் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அவற்றைத் தடைசெய்தது. தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள், வெட்டுகிறவருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். வேலை கொஞ்சம் மெதுவாகும், ஆகட்டும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக: சொரசொரப்பான கல்லுக்கு விளக்கைச் சுவருக்கு மிக அருகில், அரை அடியிலிருந்து ஒரு அடிக்குள், மேலிருந்து வழியவிட வேண்டும். சமதளக் கல்லுக்கு அதைச் செய்யாதீர்கள், பதித்ததில் உள்ள மேடுபள்ளமெல்லாம் அம்பலமாகும்.

கணப்பு அடுப்பு

கொழும்பில் கணப்பு அடுப்பு அலங்காரத்துக்குத்தான். நெருப்பில்லாத கணப்புக்கு மேலே சொன்ன விதிகளே போதும். ஆனால் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாசியில் புல்லில் உறைபனி விழும் ஊர். பழைய துரை பங்களாக்களில் இன்றும் விறகு எரிகிறது. அந்த மாதிரி வீட்டை வாங்கித் திருத்துகிறவர்களுக்கு விதி வேறு.

கணப்பு அடுப்பில் மூன்று பகுதிகள்: விறகு எரியும் கூடு ஒன்று, அதைச் சுற்றிய முகப்பு ஒன்று, முன்னால் தரையில் நீளும் கல்மேடை ஒன்று. கூட்டின் உட்பக்கத்துக்கு நெருப்புச் செங்கல்தான், அலங்காரக் கல் அங்கே போகக் கூடாது. காரணம் எளியது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 பாகை செல்சியஸில் சட்டென்று பருக்கும். கல் செதிலாக உடையும். சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் அதைவிட மேலே, 800, 900 பாகையில், சுட்ட சுண்ணாம்பாகவே மாறிவிடும். ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல் எல்லாவற்றையும்விட ஆபத்து: உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வழியில்லாமல் வெடிக்கும்.

முகப்புக்கு வரும் சூடு அவ்வளவில்லை. அதனால்தான் சலவைக்கல் முகப்புகள் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. கருங்கல், சிலேட், சலவைக்கல், சோப்புக்கல் எதுவும் சரி. பிசின் கலந்த செயற்கைக் குவார்ட்ஸ் வேண்டாம். 150 பாகைக்கு மேல் அது நிறம் மாறத் தொடங்கும். ஃபைபர் கிளாஸ் ஒட்டிய வளையும் தாளும் இங்கே ஆகாது. டப்பாவில் வரும் ஆயத்தப் பசை சூட்டில் இளகும். வெப்பம் தாங்கும் என்று குறிப்பிட்ட சிமெந்துப் பசையாகக் கேளுங்கள்.

மேலே மரத் தட்டு வைக்க எல்லோருக்கும் ஆசை. அமெரிக்கக் கட்டட விதிப்படி, கூட்டின் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரம் போன்ற எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. 12 அங்குலத்துக்குள் இருப்பது, ஒவ்வொரு அங்குலத் தூரத்துக்கும் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே நீளக் கூடாது. முன்மேடை வாய்க்கு முன்னால் குறைந்தது 16 அங்குலமும் இரு பக்கமும் 8 அங்குலமும் நீள வேண்டும். வாய் 6 சதுர அடியோ அதற்கு மேலோ என்றால் 20, 12. அந்த மேடையை ஒரே நீளக் கல்லாகப் போட ஆசைப்பட்டால் சூட்டில் குறுக்கே வெடிப்பு விழக் கூடும். இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி இடைவெளி விட்டுப் பதித்தால் அந்தக் கவலை குறையும்.

முகப்பைத் தொடுவதற்கு முன் புகைபோக்கியைத் துப்புரவாக்கிப் பார்க்க வேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த பங்களாவில் அதற்குள் பறவைக் கூடும் உடைந்த செங்கல்லும் இருக்கும். புகை திரும்பினால் கண்தான் எரியும். கண்ணுக்குத் தெரியாத கார்பன் மொனொக்சைட் திரும்பினால் உயிருக்கே ஆபத்து. கல் பதித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியிருக்கும்.

பராமரிப்பும் பில்லும்

உலர்ந்த பிரஷ், ஈரத்துணி, தேவைப்பட்டால் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. வினாகிரியும் கழிப்பறைத் திரவமும் கல்லின் பக்கமே வரக் கூடாது. சீலர் வாங்கினால் கல்லுக்குள் ஊறும் வகையாக வாங்குங்கள், முதலில் ஒரு துண்டில் பூசிப் பாருங்கள், சில கற்கள் கறுத்துவிடும். பிறகு எப்போதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நிற்காமல் உறிஞ்சிக்கொண்டால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது.

வாங்கும்போது கணக்குக்கு மேல் பத்து வீதம் அதிகம் எடுங்கள். வேலை முடிந்து மிஞ்சுவதில் நாலைந்து கல்லைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே கல் கிடைத்தாலும் அதே நிறம் கிடைக்காது. பில்லில் வெறுமனே “கல்” என்று எழுதவிடாமல், கல்லின் வகையையும் தடிப்பையும் எழுதி வாங்குங்கள்.